என் பேரில் பெஞ்ச் வாரண்ட் இருக்கிறதா? கவுண்டியில் தேடிப் பார்க்கும் வழி

கேள்வி சுருக்கமாக இதுதான். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் பக்கம் கேட்டி என்ற ஊரில் குடியிருந்தபோது வேகமாக ஓட்டியதற்கு ஒரு டிராஃபிக் டிக்கெட். பிறகு வேலை மாறி டாலஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோவுக்குக் குடிபோயாகிவிட்டது. டிக்கெட்டைக் காணோம், வாய்தா தேதியும் கடந்துவிட்டது. டிசம்பரில் குடும்பத்தோடு சென்னைக்குப் போய்வரத் திட்டம். “என் பேரில் பெஞ்ச் வாரண்ட் ஏதும் இருக்கிறதா, கவுண்டியில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி, மாநிலத்துக்குள் ஒரு நிர்வாகப் பிரிவு. கண்டுபிடித்துவிடலாம். பெரும்பாலும் வீட்டில் உட்கார்ந்தபடியே, பைசா செலவில்லாமல். நிறையப் பேர் செய்கிற தவறு, கவுண்டி பெயரையும் வாரண்ட் என்ற சொல்லையும் கூகுளில் தட்டி, முதலில் வந்து நிற்கிற தனியார் தளத்தில் பெயரையும் பிறந்த தேதியையும் கொடுத்துப் பணமும் கட்டுவது. அந்தத் தளங்கள் எப்போதோ வாங்கிவைத்த பழைய தகவலை விற்கின்றன. நேற்று போட்ட வாரண்ட் அதில் இருக்காது, போன வருஷம் ரத்தான வாரண்ட் இன்னும் இருக்கும். நீங்கள் தேட வேண்டியது வழக்கை. வழக்கு கிடைத்தால் வாரண்ட் தானாகத் தெரிந்துவிடும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், சாதாரண பிடிவாரண்டுக்கும் இதற்கும் பிறப்பிலேயே வித்தியாசம். ஒரு குற்றத்தை விசாரிக்கிற போலீஸ், இன்னார்தான் செய்தார் என்று நம்பக் காரணம் இருக்கிறது என்று சத்தியப் பத்திரம் எழுதி நீதிபதியிடம் வாங்குவது பிடிவாரண்ட். டெக்சஸில் ஆளைப் பிடிக்கும்வரை அது பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டியதில்லை. பெஞ்ச் வாரண்ட் அப்படி இல்லை. ஏற்கனவே கோர்ட்டில் உங்கள் பேரில் ஒரு வழக்கு இருக்கிறது. வாய்தாவுக்கு வரவில்லை, அல்லது அபராதத்தைக் கட்டவில்லை, அல்லது நன்னடத்தைக் கண்காணிப்பின் நிபந்தனையை மீறிவிட்டீர்கள். அதனால் நீதிபதி தன் இருக்கையிலிருந்தே போடுகிற உத்தரவு இது. அதற்கு முன்னால் ஒரு வழக்கு எண், ஒரு கோப்பு, அதை வைத்துப் பராமரிக்கிற கோர்ட் கிளார்க் எல்லாம் உண்டு. அந்தக் கோப்புதான் உங்கள் கைப்பிடி.

சரி, எந்தக் கோர்ட்டின் கோப்பு? இங்கேதான் பெரும்பாலோர் வழிதவறுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

டெக்சஸில் 254 கவுண்டிகள். அமெரிக்காவில் வேறெந்த மாநிலத்திலும் இவ்வளவு கிடையாது. ஊரும் கவுண்டியும் ஒன்றுக்குள் ஒன்று ஒழுங்காக அடங்குவதும் இல்லை. கேட்டி நகரம் ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என்று மூன்று கவுண்டிகளில் பரவிக் கிடக்கிறது. அதைவிடக் குழப்பம், கேட்டி என்று தபால் முகவரி உள்ள வீடுகளில் பெரும்பாலானவை கேட்டி நகர எல்லைக்குள்ளேயே இல்லை. கேட்டியிலிருந்து பேர்லண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போகிற ஒரு குடும்பம், அரை நாளுக்குள் ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், பிரசோரியா என்று கவுண்டிகள் மாறி மாறிப் போய்த் திரும்பியிருக்கும். நீங்கள் இப்போது இருக்கிற ஃப்ரிஸ்கோவும் பாதி காலின் கவுண்டி, பாதி டென்டன் கவுண்டி. ஆகவே “நான் கேட்டியில் இருந்தேன்” என்பது போதாது. வண்டியை எந்தச் சாலையில், எந்த இடத்தில் நிறுத்தினார்கள், நிறுத்தியவர் யார் என்பதுதான் முக்கியம்.

நிறுத்தியவர் நகர போலீஸ் என்றால், வழக்கு அந்த நகரத்தின் முனிசிபல் கோர்ட்டில் இருக்கும். கவுண்டி தளத்தில் எவ்வளவு தேடினாலும் அது அகப்படாது. ஹூஸ்டன் போலீஸ் கொடுத்த டிக்கெட்டை ஹாரிஸ் கவுண்டி பக்கத்தில் தேடிவிட்டு “ஒன்றுமில்லை” என்று நிம்மதியாகத் தூங்கியவர்களை எனக்குத் தெரியும். நிறுத்தியவர் கவுண்டி போலீஸ் தலைவரான ஷெரிஃபின் டெபுட்டி, கான்ஸ்டபிள், அல்லது மாநில ட்ரூப்பர் என்றால், வழக்கு பெரும்பாலும் சிறு வழக்குகளைப் பார்க்கிற, கவுண்டியின் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் கோர்ட்டுக்குப் போகும். எல்லோரும் ஜேபி கோர்ட் என்றுதான் சொல்வார்கள். ஹாரிஸ் கவுண்டியில் மட்டும் 16 ஜேபி கோர்ட்டுகள், எட்டு பிரிசிங்க்ட் (கவுண்டியின் உட்பிரிவு), ஒவ்வொன்றிலும் இரண்டு. அவற்றுக்குப் பொதுவான தேடல் பக்கம் இருப்பதால் எந்தப் பிரிசிங்க்ட் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சீருடையின் நிறம், காரின் பக்கத்தில் எழுதியிருந்தது என்று ஏதாவது ஞாபகம் இருந்தாலே பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

டிராஃபிக் டிக்கெட் தாண்டிய விஷயங்களுக்கு இடம் வேறு. குடித்துவிட்டு ஓட்டியது, கடையில் எடுத்தது, அடிதடி என்று சிறைத்தண்டனை வாய்ப்புள்ள சிறு குற்றங்களின் கோப்பு பெரும்பாலான டெக்சஸ் கவுண்டிகளில் கவுண்டி கிளார்க்கிடமும், பெரிய குற்றங்களின் கோப்பு டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடமும் இருக்கும். ஹாரிஸில் இரண்டுமே டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம். உங்களுக்கு இது தேவைப்படாது. ஆனாலும் மனசு சமாதானமாக ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, பெயர். நம் ஆட்களுக்கு இதுதான் உண்மையான சிக்கல். தேடல் பக்கத்தில் கடைசிப் பெயர், முதல் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். செந்தில்குமார் முருகேசன் என்பவர் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, ஓட்டுநர் உரிமத்தில் ஒரு மாதிரி, அவசரத்தில் அதிகாரி தட்டிய டிக்கெட்டில் இன்னொரு மாதிரி இருப்பார். செந்தில் முதல் பெயர், குமார் நடுப்பெயர், முருகேசன் கடைசிப் பெயர் என்று பிரிந்திருக்கலாம். குமார் கடைசிப் பெயராக ஏறியிருக்கலாம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தவர்களுக்கு விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழுந்து, அதுவே உரிமத்திலும் தொடர்ந்திருக்கும். அப்படிப்பட்டவரின் வழக்கு எஃப்என்யூ என்ற முதல் பெயரின் கீழே இருக்கலாம், வழக்கமான முதல் பெயரைப் போட்டுத் தேடினால் வராது. அதனால் ஒரே ஒரு முறை தேடிப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். பெயரை மாற்றிப் போட்டு, சேர்த்துப் போட்டு, பிரித்துப் போட்டு, முதல் சில எழுத்துகளை மட்டும் போட்டுத் தேடுங்கள். உரிம எண் அல்லது டிக்கெட் எண்ணால் தேட வசதி இருந்தால் அதுவே மேல், எண்ணில் இந்தக் குழப்பம் கிடையாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. குமார், ராஜ் போன்ற பெயர்களில் தேடினால் வரிசையாகப் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். பிறந்த தேதியும் பொருந்துகிறதா என்று பார்க்காமல் “ஐயோ, நம் பேரில் வாரண்ட்” என்று பதறாதீர்கள்.

வழக்கு கிடைத்துவிட்டது என்று வையுங்கள். திரையில் வாரண்ட் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. டெக்சஸில் அதற்குப் பல பெயர்கள். விசாரணைக்கே வராதவருக்குப் போடுவது அலையஸ் வாரண்ட். தீர்ப்பாகி அபராதம் கட்டாதவருக்குப் போடுவது கேபியஸ் ப்ரோ ஃபைன். பெரிய வழக்குகளில் வெறுமனே கேபியஸ் என்றிருக்கும். எஃப்டிஏ என்று மூன்றெழுத்து இருந்தால் ஆஜராகவில்லை என்று அர்த்தம். நிகழ்வுகளின் பட்டியலை மேலிருந்து கீழே படியுங்கள்: தேதி, நோட்டீஸ் அனுப்பியது, வாரண்ட் பிறப்பித்தது, பிறகு ரீகால்ட் என்றோ குவாஷ்ட் என்றோ ஏதாவது வரி இருக்கிறதா என்று. அப்படி ஒரு வரி இருந்தால் ரத்தாகிவிட்டது. இல்லையென்றால் வாரண்ட் உயிரோடுதான் இருக்கிறது. இத்தனை வருஷம் கழிந்தால் தானாகக் காலாவதியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொன்றும் கண்ணில் படலாம். வேகத்துக்கு ஒரு வழக்கு, அதன் பக்கத்தில் ஆஜராகவில்லை என்பதற்குத் தனியாக இன்னொரு வழக்கு எண். டிக்கெட்டில் நீங்கள் போட்ட கையெழுத்து குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கான கையெழுத்து அல்ல, கோர்ட்டுக்கு வருகிறேன் என்ற உறுதிமொழி. அதை மீறுவதே டெக்சஸில் தனிக் குற்றம். ஆக, ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு வழக்கு என்பது கணினியின் பிழை இல்லை.

இணையத்தில் தெளிவாகத் தெரியாவிட்டால் கோர்ட் கிளார்க் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். வழக்கு எண் இருந்தால் எண்ணைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பெயரும் பிறந்த தேதியும். “இந்த வழக்கில் வாரண்ட் நிலுவையில் இருக்கிறதா, தொகை எவ்வளவு, நேரில் வந்தால் எந்த நேரம் வரவேண்டும்” என்ற மூன்று கேள்விகள் போதும். சொல்வார்கள். என்ன செய்யலாம் என்ற யோசனை மட்டும் கேட்காதீர்கள். கிளார்க்குக்குச் சட்ட ஆலோசனை சொல்ல அனுமதி இல்லை. உங்கள் கதையையும் போனில் விரிக்க வேண்டாம், “ஆமாம், வேகமாகத்தான் போனேன்” என்று சொல்வதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஷெரிஃப் அலுவலகத்திலும் வாரண்ட் பிரிவு இருக்கும், சில கவுண்டிகளில் இணையத் தேடலும் உண்டு. ஆனால் ஷெரிஃப் கவுண்டருக்கு நேரில் போய் “என் பேரில் வாரண்ட் இருக்கிறதா பாருங்கள்” என்று உரிமத்தை நீட்டுவது வேறு விஷயம். இருந்தால் அங்கேயே பிடித்து வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

உரிமம் பற்றி ஒன்று. டெக்சஸில் பல கோர்ட்டுகள் ஆம்னி என்ற திட்டத்தில் சேர்ந்திருக்கின்றன. வாய்தாவுக்கு வராதவர்களின் பெயரை அங்கே ஏற்றிவிட்டால் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க முடியாது. உள்ளூர்க்காரருக்கு உரிமம் எட்டு வருஷத்துக்குச் செல்லும், அதனால் அவருக்கு இது தெரியவே காலம் பிடிக்கும். எச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கு உரிமம், தங்க அனுமதித்த நாளைக் காட்டும் ஐ-94 பதிவின் தேதியோடு முடிவதால் விசா நீட்டிப்புக்குப் பின் புதுப்பிக்கப் போகும்போதே தடை வந்து நிற்கும். ஆம்னிக்குத் தனித் தேடல் பக்கம் உண்டு, உரிம எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்தால் எந்தக் கோர்ட் தடை போட்டது என்று காட்டும். டிக்கெட் தொலைந்து, கோர்ட் எதென்றே தெரியாத உங்களைப் போன்றவருக்கு இது நல்ல தொடக்கம். ஆனால் ஆம்னியில் பெயர் இல்லை என்பதால் வாரண்ட் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. எல்லாக் கோர்ட்டும் அதில் இல்லை.

நோட்டீஸ் ஏன் வரவில்லை என்றும் நீங்கள் யோசிக்கலாம். குடிபோனதும் பத்து நாளைக்குள் குடிவரவுத் துறைக்கு ஏஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவம் போட்டிருப்பீர்கள், அதை யாரும் மறப்பதில்லை. அது கோர்ட்டுக்குப் போய்ச் சேராது. கோர்ட் கடிதம் போடுவது தன் கோப்பிலுள்ள முகவரிக்கு, அதாவது டிக்கெட் கொடுத்த அன்று உங்கள் உரிமத்தில் இருந்த பழைய வீட்டுக்கு. உரிமத்திலும் 30 நாளைக்குள் முகவரி மாற்ற வேண்டும் என்பது சட்டம், கோர்ட்டுக்கும் தனியாகத் தெரிவிக்க வேண்டும்.

வாரண்ட் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் விஷயம் கிளாஸ் சி, அபராதம் மட்டுமே உள்ள குற்றம், அதன் உச்சவரம்பு பொதுவாக 500 டாலர். 2017இல் டெக்சஸ் சட்டமன்றம் செய்த திருத்தம் உங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஜேபி கோர்ட்டும் முனிசிபல் கோர்ட்டும் ஆஜராகாததற்கு வாரண்ட் போடும் முன் புதிய தேதி கொடுத்து நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். பிடிபடும் முன்பே நீங்களாக வந்து, விஷயத்தை முடிக்க நேர்மையாக முயன்றால் கோர்ட் அந்த வாரண்டைத் திரும்பப் பெற வேண்டும். ஆகவே கோர்ட் நேரத்தில், கிளார்க்கின் ஜன்னலுக்கு நீங்களாகப் போங்கள். ஒளிந்து திரிவதைவிட அதுதான் பாதுகாப்பு. பணம் ஒரேயடியாகக் கட்ட முடியாதென்றால் தவணையோ சமூகசேவையோ கேட்கலாம். கட்ட வழியில்லாதவரை, ஏன் கட்டவில்லை என்று விசாரிக்காமல் சிறைக்கு அனுப்பக் கூடாது என்று 1983இலேயே பேர்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதுவே குடித்துவிட்டு ஓட்டிய வழக்கோ அதற்கு மேலோ என்றால் தனியாகப் போகவே போகாதீர்கள். அந்தக் கவுண்டியில் தொழில் செய்கிற வக்கீலை முதலில் பிடியுங்கள். ஜாமீன் ஏற்பாட்டோடு அவரே கூட்டிப் போவார்.

டிசம்பர் பயணத்துக்கு வருகிறேன். அமெரிக்காவுக்குத் திரும்பி வருகிறவர்களின் பெயரை எல்லை அதிகாரிகள் எஃப்பிஐ நடத்துகிற என்சிஐசி என்ற தேசியத் தரவுத்தளத்தோடு ஒப்பிடுகிறார்கள். 1967இல் தொடங்கியது அது, பொதுமக்கள் அதில் தேட முடியாது. சின்ன டிராஃபிக் வாரண்டையெல்லாம் அதில் ஏற்றியாக வேண்டும் என்று கட்டாயமில்லை, அது அந்தந்த அலுவலகத்தின் முடிவு. வாய்ப்பு குறைவுதான். ஆனாலும் பதினெட்டு மணி நேரம் பறந்து வந்து, தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கும்போது தனி அறைக்குக் கூப்பிடப்படுகிற வாய்ப்பை நான் விட்டுவைக்க மாட்டேன். இன்னொரு காரணமும் உண்டு. விசா முத்திரைக்கு நிரப்பும் டிஎஸ்-160 படிவத்தில் எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா, குற்றவாளி என்று தீர்ப்பானதுண்டா என்று கேட்கிறார்கள்.  வெறும் டிராஃபிக் டிக்கெட்டின் வாரண்டில் கைதானவரும் ஆம் என்றுதான் எழுத வேண்டும், காகிதங்களும் காட்ட வேண்டும். போகும் முன் முடித்துவிட்டுப் போங்கள்.

இந்தத் தேடலில் இருக்கும்போதே ஒரு போன் வரலாம். ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து பேசுகிறேன், நீங்கள் ஜூரி கடமைக்கு வரவில்லை, வாரண்ட் போட்டாயிற்று, இப்போதே கிஃப்ட் கார்டிலோ பிட்காயினிலோ கட்டினால் கைது இல்லை என்பார்கள். கவுண்டி பெயர், பேட்ஜ் எண் எல்லாம் சரளமாக வரும். முழு மோசடி. குடியுரிமை இல்லாதவரை ஜூரியில் உட்கார வைக்கவே முடியாது. எந்தக் கோர்ட்டும் கிஃப்ட் கார்டில் அபராதம் வாங்குவதில்லை. வைத்துவிட்டு, கவுண்டியின் அரசுத் தளத்திலிருக்கும் எண்ணைப் பார்த்து நீங்களாகக் கூப்பிடுங்கள்.

வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்காகச் சில வரிகள். பென்சில்வேனியா, மேரிலண்ட் மாநிலங்களில் மாநிலம் முழுவதற்கும் ஒரே வழக்குத் தேடல் தளம் உண்டு, அங்கே வேலை சுலபம். இதற்கு நேரெதிர் மிசூரியின் செயின்ட் லூயிஸ் கவுண்டி. 2014 வாக்கில் அந்த ஒரு கவுண்டிக்குள் ஏறக்குறைய 90 குட்டி நகரங்கள், பெரும்பாலானவற்றுக்குத் தனித்தனிக் கோர்ட் இருந்தது. அவற்றில் ஒன்றான ஃபெர்குசனின் மக்கள்தொகை அப்போது சுமார் 21,000. 2014 இறுதியில் அந்த ஊர்க் கோர்ட்டில் நிலுவையில் வாரண்ட் உள்ளவர்கள் 16,000 பேருக்கு மேல் என்று 2015இல் அமெரிக்க மத்திய அரசின் நீதித் துறை அறிக்கை சொன்னது. நியூயார்க் நகரில் 2017இல் நான்கு மாவட்ட வழக்கறிஞர்கள் சேர்ந்து, பத்து வருஷத்துக்கு மேல் கிடந்த சுமார் 6,44,000 சில்லறை வாரண்டுகளை ஒரே மூச்சில் ரத்து செய்ய வைத்தார்கள். வாரண்ட் என்றதும் நீங்கள் ஏதோ கொடும் குற்றவாளி ஆகிவிட்டதாகக் கூனிக்குறுக வேண்டாம். பெரும்பாலானவை இந்த மாதிரிச் சில்லறைகள்தான்.

கடைசியாக, வாரண்ட் ரத்தான பிறகு செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அலபாமாவில் 2004இல் நடந்த சம்பவம், ஹெர்ரிங் வழக்கு என்று 2009இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. காஃபி கவுண்டியில் பறிமுதலான தன் வண்டியிலிருந்து ஏதோ எடுக்க ஒருவர் ஷெரிஃப் அலுவலகத்துக்கு வருகிறார். அவரைத் தெரிந்த ஒரு புலனாய்வு அதிகாரி வாரண்ட் இருக்கிறதா என்று கேட்கச் சொல்கிறார். காஃபியில் இல்லை. பக்கத்து டேல் கவுண்டிக்குப் போன் போடுகிறார்கள். அங்கே கணினியில் இருக்கிறது, வாய்தாவுக்கு வராததற்கு. கைது. ஃபேக்ஸ் அனுப்புவதற்காக டேல் கவுண்டி ஊழியர் அசல் காகிதத்தைத் தேடினால் காணோம். கோர்ட்டில் கேட்டால், அந்த வாரண்ட் ஐந்து மாதம் முன்பே ரத்தாகிவிட்டது. இது தெரியவர ஆனது பத்துப் பதினைந்து நிமிடம். அதற்குள் சோதனை முடிந்து, போதைப்பொருளும் துப்பாக்கியும் எடுத்துவிட்டார்கள். அந்தச் சாட்சியம் செல்லும் என்று ஐந்துக்கு நான்கு பெரும்பான்மையில் தீர்ப்பானது.

கோர்ட் ரத்து செய்தது ஷெரிஃபின் கணினிக்குப் போய்ச் சேராமலே கிடக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. அதனால் கிளார்க் “முடிந்தது, போகலாம்” என்றதும் கிளம்பிவிடாதீர்கள். ரத்து உத்தரவின் முத்திரையிட்ட நகல் ஒன்று கேட்டு வாங்குங்கள், சில டாலர் கட்டணம் இருக்கும். பணம் கட்டிய ரசீதையும் அதோடு சேர்த்து ஒரு நகலைக் காரிலும் இன்னொன்றைப் பாஸ்போர்ட் பையிலும் வையுங்கள். ஒரு வாரம் கழித்து அதே தேடல் பக்கத்தைத் திறந்து வழக்கின் நிலை மாறியிருக்கிறதா பாருங்கள். பிறகு ஷெரிஃப் வாரண்ட் பிரிவுக்கு ஒரு போன். ஆம்னித் தடை இருந்திருந்தால் அது நீங்கிவிட்டதா என்பதையும் தனியாகப் பார்க்க வேண்டும். கோர்ட் ஆம்னிக்குத் தெரிவித்து, ஆம்னி உரிமத் துறைக்குத் தெரிவிக்கச் சில நாள் பிடிக்கும். டிசம்பர் வரை காத்திராமல் நவம்பர் தொடக்கத்திலேயே ஆரம்பித்தால் இத்தனைக்கும் நேரம் சரியாக இருக்கும்.